மாமாவுக்கு எரிந்த பச்சை விளக்கு

பேச்சைக் கேட்டே சண்டை வரப்போவதைச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நான் எழுதினேன். சண்டை வந்தது. மென்பொருள்தான் சொல்லவில்லை.

தூத்துக்குடியில் ஒரு வாடிக்கையாளரைப் பிடித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை பெங்களூர் வந்து சேர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கோ அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. (பஸ் ஏறுகிற மனநிலையா அது?) துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி ஆபீஸ் நடத்தும் தாய்மாமாவைப் பிடித்தேன்.

டிரைவர்களோடு மாமா பேசுவதைக் கம்ப்யூட்டர் கேட்கும். வழக்கமான பேச்சென்றால் திரையில் பச்சை விளக்கு, மாறுபட்டால் சண்டை வரும் என்று சிவப்பு. எது வழக்கம் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க, சேவை மையங்களின் தேனொழுகும் உரையாடல்களைத்தான் ஊட்டியிருந்தேன். மாமாவின் ஏச்சிலேயே வளர்ந்தும் அவருக்கு அது பொருந்தாது என்று எனக்கு உறைக்கவில்லை.

முதல் போன். "ஏலே மூதி, இன்னும் ஹார்பர் கேட்டுலயா நிக்கே? காலையில என்னமும் தின்னியால?"

சிவப்பு. அடுத்த போனுக்கும் சிவப்பு.

"என்னல இது, ஓயாம எரியுது?"

"நீங்க ஏசுறீங்கள்லா மாமா."

"நான் எங்கல ஏசுனேன்?" நிஜமாகவே கேட்டார்.

அப்புறம் டிரைவர் சேவியர் அழைத்தார். வெங்காயக் கன்டெய்னரோடு நாசரேத்தில் கொழுந்தியா வீட்டுக் கறிச்சோற்றுக்கு ஒதுங்கிவிட்டாராம். கப்பல் போய்விட்டது. மாமா மிக மென்மையாகச் சொன்னார்: "அப்படிங்களா. நீங்க நல்லா ஓய்வெடுங்க. இனிமே வேலைக்கு வந்து சிரமப்பட வேண்டாம்."

பச்சை!

"மாமா, இதுதான் இன்னைக்கு ஒங்க நல்ல பேச்சு" என்றேன் பெருமையாக. ஆபீசில் எல்லோரும் ஆளுக்கொரு கோப்பை எடுத்துப் புரட்டத் தொடங்கினார்கள்.

மதியம் சேவியர் ஓடிவந்தார். "மொதலாளி, நாலு ஏசு ஏசுங்க, அடிக்கக்கூடச் செய்யுங்க. இந்த 'நீங்க' மட்டும் வேண்டாம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "கம்ப்யூட்டர்படி மாமாவுக்குக் கோவமே இல்ல" என்று சமாதானம் பேசினேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க ரொம்பப் படிச்சவங்க. பெட்டியை எடுத்துக்கிட்டுப் பாத்துப் போங்க."

மறுபடியும் பச்சை. வாழ்நாளில் அவர் என்னை 'நீங்க' என்றது அன்றுதான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிறு மாலை பெங்களூர் போகத் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ஏலே கூறுகெட்ட மூதி, எங்கல கெடக்க? சேவியரு இங்கனதான் நிக்கான், ஏசித் தீத்துட்டேன். நாளைக்கு வந்து நம்ம பேச்சை ஒன் பெட்டிக்குச் சொல்லிக்குடு."

திறந்து கிடந்த லேப்டாப்பில் சிவப்பு எரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துணிகளை மறுபடி பீரோவில் வைத்தேன்.

இப்போதும் நான் நேரங்கழித்து வீடு திரும்பினால், "வாங்க தம்பி, சாப்பிடுறீங்களா?" என்பார் அம்மா. உடனே உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும்: "பச்சை எரியுது, அப்படியே திரும்பி ஓடிருங்க."