கழுதைகள் நக்கிய ஓய்வூதியம்

காற்றில் ஈர உப்பின் வாசம் ஏறினால் மற்றவர்களுக்குக் கடல் ஞாபகம் வரும். எனக்கு நிலையான வைப்பு ஞாபகம் வரும்.

நாட்டை நெருக்கடி உலுக்கிய ஆண்டு அது. ரூபா ஒவ்வொரு காலையும் முதல் நாளைவிட மெலிந்து எழும்பியது. நான் தனியார் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞன், பென்சன் கிடையாது. முதுமைக்கென்று இருந்தது வங்கியில் கிடந்த ஒரேயொரு வைப்பு. படுத்தால் அது சொட்டுச் சொட்டாக உருகும் சத்தம் கேட்டது. (மின்வெட்டில் பிரிட்ஜ் உருகிய சத்தம் அது. பயந்தவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.)

“காசு கரையும், கருவாடு கரையாது” என்று முழங்கினேன்.

மனைவி பிலோமினா வங்காலைக்காரி, மீன்பிடி ஊரில் வளர்ந்தவள். “கருவாடு வட்டி தராதப்பா, புழுத்தான் தரும்” என்றாள்.

கேட்டேனா? வைப்பை உடைத்து, தலைமன்னாரில் கட்டாக் கருவாடு வாங்கி, முன்னறையைக் கூரைவரை நிரப்பினேன். விலை ஏறியது. நிமிர்ந்து நடந்தேன், பின்னால் எங்கள் ஊர் தோட்டவெளியின் பூனைகள் அத்தனையும் நடந்தன.

கருவாட்டு வியாபாரி றவூப் நானா வந்தார். “இப்பவே தாங்கோ தம்பி. நல்ல விலை தாறன்.”

“இன்னும் ஏறும் நானா.”

“ஏறும். ஆனா இண்டைக்கு லொறியில டீசல் கிடக்கு. நாளைக்கு?”

அனுப்பிவிட்டேன். பிறகு டீசலும் இல்லை, லொறியும் இல்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டேயிருந்தது. நான் பணக்காரனாகிக்கொண்டிருந்தேன், கருவாடு அறைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் கிழமை நானாவின் போன்: “டீசல் கிடைச்சிட்டு. நாளைக்கு மத்தியானம் வாறன். ஈரமெண்டா எடுக்கமாட்டன்.”

விடியவே முற்றம் முழுக்கப் பாய் விரித்துக் காயப்போட்டோம். பிலோமினா மண்ணெண்ணெய் வரிசைக்குப் புறப்பட்டாள். “காவல் இருங்கோ, எழும்பிப் போகாதேங்கோ.”

இருந்தேன். வெயில் ஏற ஏற மனம் அரித்தது. கொழும்பில் இன்றைய விலை என்ன? நானா ஏமாற்றுகிறாரோ? வீட்டில் சிக்னல் இல்லை. சந்திக்கு ஓடினேன். விலை இன்னும் ஏறியிருந்தது! துள்ளிக்கொண்டு திரும்பினேன்.

நான் சாத்தாமல் ஓடிய வாசல் படலை ஆவென்று கிடந்தது.

தெருவெல்லாம் கழுதை திரியும் மன்னாரில் பிறந்தவன் செய்கிற வேலையா இது? கழுதை மீன் தின்னாது. ஆனால் உப்பென்றால் உயிரை விடும். பதினொரு கழுதைகள், பூசைக்கு வந்தவைபோல அமைதியாக நக்கிக்கொண்டிருந்தன. என் அறுபதாவது வயதை ஒன்று, எழுபதாவது வயதை இன்னொன்று. ஒன்று பாயில் உருண்டு முதுகைச் சொறிந்தது.

துரத்தினேன். கருவாட்டை உடுத்திருந்த சாரத்தால் துடைத்தேன். அதற்குள் லொறி வந்துவிட்டது. நானா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாக் காஞ்சிருக்கு தம்பி. உப்பைத்தான் காணேல்ல?”

பொய் தொண்டைவரை வந்தது. இன்னும் ஒரு நொடி இருந்திருந்தால் விற்றிருப்பேன். படலையடியில் வெறும் மண்ணெண்ணெய்க் கானோடு பிலோமினா நின்றாள். கழுதைகள் அவளை இடித்துக்கொண்டுதான் ஓடியிருந்தன.

“கழுதை நக்கினது நானா. ஆக்கள் தின்னுற சாமான், எடுக்காதேங்கோ” என்றாள்.

நானா துண்டைப் பாயில் வைத்துவிட்டு லொறியில் ஏறினார். கருவாடு மச்சானின் தென்னைகளுக்கு எருவாகியது. அவை நன்றாகக் காய்க்கின்றனவாம்.

நான் மறுபடி தொடங்கினேன். இப்போது மாதாமாதம் சிறு தொகையோடு வங்கிக்குப் புறப்படும்போது, ஓய்வு எத்தனை வருடம் தள்ளிப்போனது என்று அவள் கேட்பதில்லை. வாசலில் நின்று ஒன்றை மட்டும் சொல்வாள்:

“இஞ்சாருங்கோ, படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ.”