அம்மாவுக்காக அப்பா குடித்த கிரீன் டீ

அம்மாவைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றுவது என்று ஒரு திங்கட்கிழமை காலை அப்பா முடிவெடுத்தார். அம்மாவிடம் கேட்கவில்லை. இரண்டு கிரீன் டீ டப்பாவோடு வந்து நின்றார்.

"இதுல கேட்டசின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. மார்பகப் புற்றுநோயை வாசல்லயே நிறுத்திடுமாம். போன்ல போட்டிருக்கான்."

"வாசல்ல நிக்க அது என்ன வாட்ச்மேனா?"

"கிண்டல் பண்ணாத. உனக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சு. ஒரு நாளைக்கு ஆறு கப்."

"ஆறு கப் குடிச்சா வாசல் எதுக்கு, நான் பாத்ரூம்லயே குடியிருக்க வேண்டியதுதான்."

அம்மா ஒரு வாய் குடித்தாள். புல்லை வெந்நீரில் போட்ட மாதிரி இருக்கிறது என்று டம்ளரை நகர்த்தினாள். நகர்த்தியதை அப்பா எடுத்துக் குடித்தார். "வீணாகக் கூடாதுல்ல." மறுநாளும் வீணாகவில்லை. ஒரு வாரத்தில் ஆறு கப்பையும் அவரே குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு, மருந்து மாதிரி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன், எனக்கு நேரம் இருந்தது. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்க வேண்டாம். இது அதைப் பற்றின கதை இல்லை.

அப்பா தையல்காரர். முன்னறைதான் கடை. காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அம்மா. அப்பா சட்டை ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. பத்தாவது நாள் என்னைக் கொடிக் கயிற்றுப் பக்கம் கூப்பிட்டாள்.

"உங்கப்பா சட்டையைப் பாரு."

பார்த்தேன். சட்டை.

"பாக்கெட்டைப் பிரிச்சு எடுத்திருக்காரு. மூணு சட்டையிலயும். உரசினா வலிக்குது போல. சாக்பீஸை இப்பல்லாம் காதுல சொருகிக்கறாரு. இந்த வெயில்லயும் சட்டையைக் கழட்ட மாட்டேங்கறாரு."

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அவ்வளவு டீயும் யாருக்கு என்று புரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ஆம்பளைங்களுக்கும் வருமாம்மா?"

"அபூர்வம். ஆனா வரும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காய்ந்த சட்டையை மட்டும் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள்.

நேராகக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு பல்லைப் பிடுங்க நாலு வருஷம் யோசித்த மனிதர். அதனால் அன்று சாப்பிடும்போது அம்மா முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"என்னங்க, நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கு ஒரே பயமா இருக்கு. டெஸ்ட் எடுத்துக்கறேன். தனியா போகத்தான் தைரியமில்ல."

"நான் எதுக்கு இருக்கேன்? டாக்டர் தொட்டுப் பார்த்து என்ன ஏதுன்னு சொல்லிடுவாங்க. இதுக்கெல்லாமா பயப்படறது?"

இதை அவர் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் நாற்காலி முழுக்கப் பெண்கள். அப்பா ஒருத்தர்தான் ஆண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளிடம் கேட்டசின் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். பாதியில் நர்ஸ் வந்து, "பதினாலாம் நம்பர்" என்றாள்.

"தைரியமா போ," என்று அம்மாவின் தோளைத் தட்டினார்.

அம்மா சீட்டை அவர் கையில் வைத்தாள். "உங்க பேரு போட்டிருக்கு பாருங்க."

அப்பா சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போன் பண்ணிப் பதிவு செய்தது நான்தான். அதனால் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தேன்.

"இது பொம்பளைங்க வர்ற இடம்டி."

"கட்டிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது சார். வாங்க," என்றாள் நர்ஸ்.

"எனக்குக் கட்டின்னு யார் சொன்னா?"

"உங்க பாக்கெட் சொல்லிச்சு. எந்திரிங்க," என்றாள் அம்மா.

இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா நெஞ்சில் கைவைத்தபடி உள்ளே போனார். அம்மாவும் கூடவே போனாள்.

தொட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் யாரையும் கிண்டல் பண்ணவில்லை. அப்பா ஒரே பேன்ட்டுக்கு மூன்று தடவை ஜிப் வைத்துப் பிரித்தார்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வெறும் கொழுப்புக் கட்டி. ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"கொழுப்புன்னு கல்யாணமான புதுசுலயே தெரியும் டாக்டர்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நானும் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை.

அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. வந்ததும் வாயும் வந்தது. "கிரீன் டீ குடிச்சதாலதான கொழுப்போட நின்னுச்சு?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஆராய்ச்சிக்கூடத்துல ஏதோ வேலை செய்யுது. மனுஷங்க குடிச்சா தடுக்குமான்னு இன்னும் உறுதியா தெரியல. பிடிச்சா குடிங்க. கட்டி தெரிஞ்சா நேரா இங்க வந்துடுங்க."

வெளியே வந்ததும் அப்பா இடுப்பில் கைவைத்தார்.

"என்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்தல்ல? இப்ப உன் முறை. உன் வயசுக்கு மார்பைப் படம் எடுத்துப் பார்க்கணும்னு செவுத்துலயே எழுதியிருக்கு. இன்னைக்கு உன்னை விடறதா இல்ல."

அம்மா போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா விறுவிறுவென்று கவுண்டருக்குப் போய், அவள் பெயரையும் பிறந்த தேதியையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"இவங்க போன மாசமே தனியா வந்து எடுத்துட்டாங்களே சார். எல்லாம் நல்லாதான் இருக்கு. வீட்ல சொல்லலையா?"