தன்னானே அண்ணன் போட்ட பிரேக்

அன்றைக்கு முட்டை வண்டியில் இருந்தது இரண்டே பேர். ஸ்டியரிங்கில் தன்னானே அண்ணன், பக்கத்தில் நான். பின்னால் அட்டை அட்டையாக நாமக்கல் முட்டை. கூட வந்திருக்க வேண்டிய எங்கள் ஊர்க் கும்மி வாத்தியார் வரவில்லை. "அந்தாளு வண்டியில ஏறுனா உசுரு தாளத்தோடதான் போகும், நீங்க போங்க சாமி" என்று நழுவிவிட்டார்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே தன்னானே அண்ணனைப் போலப் பாட்டுக் கட்ட ஆளே கிடையாது. இதைச் சொன்னவர் தன்னானே அண்ணன்தான். ஆனாலும் உண்மை. முட்டை ஏற்றி இறக்கும் நேரம் போக, சுற்றுவட்டாரக் கும்மிக் குழுக்களுக்கெல்லாம் அவர்தான் பாட்டு எழுதுகிறார். 'தன்னானே' என்று முனகாமல் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. திருச்செங்கோட்டில் போலீஸ்காரர் மறித்து லைசென்ஸ் கேட்டபோது ராகம் போட்டுப் பதில் சொன்னாராம். அந்த மனிதர் பானெட்டில் லத்தியால் தாளம் தட்டியபடியே அனுப்பிவிட்டாராம். பெண் பார்க்கப் போன இடத்தில், "காப்பி எப்படீங்க?" என்று கேட்டதற்கு நாலு அடி பாடினார். பெண் சம்மதித்துவிட்டாள். மாமனாருக்குத்தான் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

நானோ எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கவிதை எழுதுகிறவன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அச்சில் என் பெயர் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மரவள்ளிக் கிழங்கு உரிக்கப் போய்விடுவார்.

அன்று மாலை ஊரில் கும்மி அரங்கேற்றம். அம்மா முதல் வரிசை. "எம்பையன் எழுதுன பாட்டுக்குத்தான் ஆடப்போறோம்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பாடப்போகிறவர் வாத்தியார். நான் எழுதியதைக் காலையில்தான் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இதுல கால எங்க எடுத்து வெக்கிறது? பொழுதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லீனா பழைய பாட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார். அதைச் சரி பண்ண அண்ணனை விட்டால் ஆளில்லை. அதனால்தான் முட்டை வண்டி.

"படிங்க தம்பி" என்றார் அண்ணன். செல்போனைப் பார்த்துப் படித்தேன்.

"பாறையின் மௌனத்தில் உறைகிறது வெயில்..."

"இருங்க, இருங்க. வெயிலு எங்கீங்க உறையுது?"

"பாறையோட மௌனத்துலீங்ணா."

"ஆடிட்டிருக்கற பொம்பள இதக் கேட்டா, அதெப்படீன்னு நின்னு யோசிப்பா. பின்னால வர்றவ அவ மேல இடிப்பா. அதுக்கும் பின்னால நூறு பேரு. அரங்கேற்றம் நடக்கோணுமா, ஆஸ்பத்திரிக்குப் போகோணுமா?"

"கவிதைன்னா நின்னு யோசிக்கத்தானுங்ணா!" எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்ப நிக்கறவங்களுக்குக் குடுங்க. இது ஆடறவங்களுக்கு."

அடுத்தடுத்த வரிகளை அவர் ஹாரன் அடித்தே தள்ளுபடி செய்தார். எதிரே வந்த லாரிக்காரர்கள் தங்களுக்கென்று நினைத்துத் திட்டிக்கொண்டு போனார்கள். சங்ககிரி மலை தெரிய ஆரம்பித்தது. கடைசி மூன்று வரிதான் மிச்சம்.

"நான் பள்ளிக்கூடம் போன வழியெல்லாம்
எனக்கு முன்னால் யாரோ
செருப்பில்லாமல் நடந்திருக்கிறார்கள்."

ஹாரன் வரவில்லை. பிரேக் வந்தது.

நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் சடசடவென்று அட்டைகள் சரிந்தன. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனகலும் நின்றுபோயிருந்தது. அவர் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"எனக்கு இப்பிடி வராதுங்க தம்பி" என்றார் கடைசியில். "நானும் ஒருக்கா கவிதை எழுதோணும்னு உக்காந்தேன். ரெண்டாவது வரியிலயே காலு ஆட ஆரம்பிச்சுருச்சு."

வண்டி நகர்ந்தது. விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கின. "நீங்க 'யாரோ'ன்னு உட்டுட்டீங்க. கும்மியில அப்பிடி உடமுடியாதுங்க. ஆரு நடந்தாங்கன்னு சொல்லிப்போடோணும். இல்லீனா ஆடறவ சுத்திக்கிட்டே கெடப்பா."

ஊர் எல்லையைத் தொடுவதற்குள் பாட்டு முடிந்திருந்தது. மாலையில் வாத்தியார் மைக்கில் பாடினார்:

"முள்ளுத் தடத்துல முன்ன நடந்தவ
மூத்தவ யாருன்னு சொல்லுங்கடி!
புள்ள படிக்கவே புல்லு சுமந்தவ
பெத்தவ தானுன்னு கும்மியடி!"

நூறு பெண்கள் திருப்பிப் பாடினார்கள். அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக்கூட நிற்கவில்லை. அடி தப்பவில்லை, பின்னால் வந்தவர் இடிக்கவும் இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம், "நாயி குறுக்க வந்துருச்சுங்க" என்று சொல்லி, உடைந்த முட்டைகளின் நஷ்டத்தை அண்ணன் தன் சம்பளத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கேட்டதற்கு, "நாயின்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்காதீங்க தம்பி" என்று சிரித்தார். என் கவிதைக்கு இதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அந்த மனிதர் கொடுத்தது, வரிக்கு ஒன்றாக, மூன்று அட்டை முட்டை.