மாட்டுக்கொட்டிலைச் சுற்றி வளைத்த கதை

என்னைப் பற்றி எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மக்களிடையே நிலவும் பொதுவான கருத்து, நான் அடக்கமான பெண் என்பது. இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. தமிழிலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். கோயிலில் மூன்றாம் தூணை ஒட்டிய பெஞ்சில் அமர்கிறேன். பூசை முடிந்ததும் அம்மாவுக்குப் பின்னால் வீடு திரும்புகிறேன். ஊருக்குத் தெரிந்த நான் இவ்வளவுதான். ஊருக்குத் தெரியாத நான், ஒரு படைத்தளபதி.

என் வசம் இருநூறு காலாட்படையினரும் பதினான்கு டாங்கிகளும் இரண்டு ஹெலிகாப்டர்களும் இருந்தன. மொத்தப் படையும் ஒரு மைசூர்பாகு டப்பாவுக்குள் குடியிருந்தது. மேசைமேல் பகடை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து ஆடும் போர் விளையாட்டுக்கான உருவங்கள் இவை. வில்லும் வாளும் ஏந்திய பழங்காலத்து வீரர்கள் அல்லர். தலைக்கவசமும் துப்பாக்கியும் முதுகுப் பையுமாக இக்காலத்துச் சிப்பாய்கள். உயரம் ஆறு மில்லிமீட்டர். திண்டுக்கல்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால், பிரியாணிக்குப் போடும் சீரகச் சம்பா அரிசியைவிடக் கொஞ்சம் நெடியவர்கள். டாங்கி ஒரு பேரீச்சங்கொட்டை அளவு.

கூரியரில் வந்து சேரும்போது வெறும் ஈய நிறத்தில் இருப்பார்கள். கழுவி, ஐஸ் குச்சியில் பத்துப் பத்துப் பேராக ஒட்டி, கறுப்பில் ஒரு அடிப்பூச்சு கொடுத்து, காய்ந்ததும் சீருடைக்குப் பச்சை, துப்பாக்கிக்குச் சாம்பல், முகத்துக்கு ஒரு புள்ளி. முகம் என்பது அந்த ஒரு புள்ளிதான். ஆனால் அது விழ வேண்டிய இடத்தில் விழுந்துவிட்டால், அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதே தெரிந்துவிடும். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்பா, வேலையின்போது கண்ணில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி லென்ஸை இதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் வாங்குவேன். என்னோடு ஆட எதிராளி இந்த ஊரில் கிடைக்காததால் இரு தரப்புக்கும் நானே தளபதி. (இரு தரப்பும் என்னிடம் தோற்றிருக்கின்றன.)

இப்படி நிம்மதியாகத் தோற்றுக்கொண்டிருந்தவளைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது ஒரு கேடயம்.

பங்கிலுள்ள குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்துச் சிறு குழுக்களாக வைத்திருப்பார்கள். அதற்கு அன்பியம் என்று பெயர். எங்கள் அன்பியத்துக்கு அம்மா பொறுப்பாளர். எங்கள் தெருவின் நடுக்கோடுதான் எல்லை என்பதால், எதிர்வீட்டு ரெஜினா அத்தை வேறு அன்பியம். அதற்கு அவர் பொறுப்பாளர். கிறிஸ்துமஸுக்கு முன்பு கோயில் வளாகத்தில், இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலைப் பொம்மைகளால் அமைத்துக் காட்டும் குடில் போட்டி அன்பியங்களுக்கிடையே நடக்கும். வென்றவர்களுக்குச் சுழற்கேடயம். பெயர்தான் சுழற்கேடயம், மூன்று வருடங்களாக அது ரெஜினா அத்தை வீட்டு ஷோகேஸைவிட்டு நகரவில்லை. அவர் வீட்டு வாசற்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எங்கள் ஹாலில் அமர்ந்து காப்பி குடித்தாலும் கேடயத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

அந்த வருடம் நவம்பரில், தண்ணீர் பிடிக்க நின்ற தெரு முழுவதும் கேட்கும்படி ரெஜினா அத்தை பேச்சைத் தொடங்கினார்.

"கேடயத்துக்குப் பாலீஷ் போடணும் மதினி. ஒரு வருசமாச்சும் உங்க வீட்டுல இருந்திருந்தா நீங்க போட்டிருப்பீக."

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "தொடச்சு மட்டும் வைங்க மதினி. இந்த வருசம் நாங்க வந்து எடுத்துக்கிறோம்."

சொன்ன சொல்லுக்குச் சாட்சியாக, அன்று மாலையே எங்கள் ஷோகேஸின் நடு அடுக்கிலிருந்த பீங்கான் வாத்துகள் வெளியேற்றப்பட்டன. காலியான அந்த ஓரடி இடத்தைத் தெருவில் போகிற எவரும் பார்க்கலாம். வெல்லாவிட்டால், அது காலியாகவே இருப்பதையும் பார்க்கலாம்.

அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் கூடியது. மோட்டார் வைத்த அருவி வேண்டும் என்றார் ஒருவர். சுழலும் நட்சத்திரம் என்றார் இன்னொருவர். அருவி போன வருடமே ஒழுகிக் குழந்தை இயேசுவை நனைத்துவிட்டதை அம்மா நினைவூட்டினார். அப்போதுதான், இருபத்திரண்டு வருடங்களில் முதன்முறையாக, ஒரு பொதுக்கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன்.

குடிமதிப்பில், அதாவது மக்கள்தொகைக் கணக்கில், பெயர் எழுத ஊரே திரண்டு வந்ததால்தான் இயேசுவைப் பெற்றவர்களுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை என்று வேதத்தில் இருக்கிறது. நம் குடில்களிலோ எப்போதும் மூன்று மேய்ப்பர், நான்கு ஆடு. இவ்வளவு காலியான ஊரில் ஒரு அறை கிடைக்காமல் போனதற்குத் தர்க்கபூர்வமான விளக்கமே இல்லை. ஆகவே பின்னணிக் குன்றுகளில் ஒரு பெருங்கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்றேன். (ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களைக் கூட்டங்களுக்கு அழைக்கக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.) அம்மாவின் முகத்தில், ஊமைப்பிள்ளை பேசிவிட்ட பூரிப்பு.

"அம்புட்டு ஆளுக்கு எங்க போறது பிள்ள?" என்றார்.

"எங்கிட்ட இருக்கும்மா."

கணக்கு துல்லியமானது. முன்னால் சாண் உயர மண் பொம்மைகள். பின்னால் குன்றுகளில் அரிசி அளவில் மக்கள். சிறியவை தொலைவில் இருப்பவையாகத் தோன்றும். எட்டடி தூரத்தில் நின்று பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் அது ஜனத்திரள்தான். ஆகவே இரண்டு வாரம், கல்லூரி விட்டு வந்ததும், என் படையை நானே நிராயுதபாணியாக்கினேன். அதாவது, வண்ணத்தால் மட்டும். சீருடைமேல் காவியும் வெள்ளையும் பழுப்புமாக அங்கிகள். தலைக்கவசங்கள் தலைப்பாகைகளாயின. முதுகுப் பைகள் மூட்டைகளாயின. துப்பாக்கிகளுக்கு மர நிறம் கொடுத்ததும் ஊன்றுகோல்கள். படுத்தபடி சுடுகிறவர்கள், களைத்து உறங்கும் பயணிகள். ராக்கெட் லாஞ்சரைத் தோளில் வைத்து மண்டியிட்டிருந்த ஆறு பேரை என்ன செய்வது என்று ஒரு மாலை முழுக்க யோசித்து, குழாய்க்கு வைக்கோல் நிறம் பூசினேன்: பாய்ச் சுருள் சுமப்பவர்கள்.

அம்மா வந்து பார்த்தார். கண்ணாடி போடாத கண்ணுக்கு அது தட்டில் பரப்பிய தானியம்.

"எல்லாருங் கையில என்னமோ வச்சிருக்காகளே?"

"கோலும்மா."

"எல்லாருமா கோலு வச்சிருக்காக?"

"ரொம்ப தூரம் நடந்து வர்றாங்கள்ல."

அம்மாவுக்கு நியாயமாகப் பட்டது. அடக்கமான பெண்ணின் பொய்யை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இரண்டு தவறுகள் செய்தேன். ஒன்று கர்வத்தால் விளைந்தது, மற்றது பழக்கத்தால்.

முதலாவது, பைனாகுலர் பிடித்த அதிகாரி. என் படையிலேயே மிக அழகாக அமைந்தவர் அவர். ஆறு மில்லிமீட்டர் உடலில் நான்கு நிறங்களில் திட்டுத்திட்டான மறைப்புச் சீருடை. அதற்கே இரண்டு ஞாயிறுகள் ஆயின. அவர்மேல் காவி பூசத் தூரிகையை நான்கு முறை எடுத்தேன். நான்கு முறையும் கை மறுத்துவிட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று, அவரை அப்படியே கொட்டிலின் பின்சுவருக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன்.

இரண்டாவது, நிறுத்திய விதம். ஜனத்திரள் என்றால் தாறுமாறாக நிற்க வேண்டும். என் விரல்களுக்குத் தாறுமாறாக நிறுத்தத் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் சம இடைவெளி, மேட்டில் ஒரு பிரிவு, இரு பக்கவாட்டிலும் காவல் என்று அவை பழக்கப்படியே அடுக்கிவிட்டன.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மாலை ஆறு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். வேறு பங்கைச் சேர்ந்த இரண்டு கன்னியாஸ்திரிகள், ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எட்டடி தூரத்தில் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டு ஒரு சிஸ்டர் நெஞ்சில் கைவைத்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஷோகேஸின் நடு அடுக்கு நிரம்பிவிட்டது.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றே ஒன்று. முந்தின வருட நெரிசலை நினைத்து, எல்லாரும் உட்கார்ந்தே பார்க்கட்டும் என்று மைதானத்தில் ஒரு பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் ஒவ்வொரு குடிலாகக் கேமராவோடு நுழைந்தார். பொறுப்பாளர் மேடையில் நின்று விளக்கவுரை வாசிக்க வேண்டும். திரை அவருக்குப் பின்னால். எங்கள் விளக்கவுரையை எழுதியவள் நான். பிழையில்லாத, ஓசைநயம் மிக்க உரை.

"இதோ, தங்கள் சொந்த ஊரை நாடி அமைதியாக வரும் எளிய மக்கள்" என்று அம்மா தொடங்கினார்.

கேமராக்காரர் கலைஞர். எளிய மக்களைக் கண்டதும் உற்சாகமாகி லென்ஸை நெருக்கினார். அரிசி அளவு மனிதன் ஆளுயரத்துக்கு எழுந்தான். தலைப்பாகையின் கீழே தாடைப்பட்டி தெரிந்தது. ஊன்றுகோலில் விசை தெரிந்தது. விசையில் விரலும் தெரிந்தது.

"நெடுவழி நடந்த களைப்பில் சிலர் மண்ணில் சாய்ந்து உறங்குகின்றனர்."

திரையில் நால்வர் முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தனர். மைதானத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. மெய்ம்மறந்து கேட்கிறார்கள் என்று நினைத்த அம்மா, குரலை உயர்த்தினார்.

"சிலர் தோள்களில் பாய்ச் சுருள் சுமந்து…"

முன்வரிசையிலிருந்து ஆரோக்கியம் மாமா எழுந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பென்ஷன் வாங்கப் போகும்போதும் ஷூவுக்குப் பாலீஷ் போடுகிறவர். "அது பாயில்ல ஃபாதர்" என்றார், நெடுநாள் பிரிந்த உறவினரைக் கண்ட குரலில். "ராக்கெட் லாஞ்சரு." பிறகு கேமராக்காரரிடம், "செத்த பின்னால இழுங்க தம்பி" என்றார். முழுக் குடிலும் திரையில் விரிந்தது. மாமா கையை நீட்டி, வகுப்பெடுப்பவர்போல் விளக்கினார். "பாத்தீகளா, மாட்டுக்கொட்டில மூணு பக்கமும் வளைச்சிட்டாக. மேட்டுல இருந்து கவர் குடுக்காக. வேல தெரிஞ்ச ஆளுதான் பண்ணிருக்கணும்."

அந்த நிலையிலும், இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு இது என்று மனம் ஓரமாகக் குறித்துக்கொண்டதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கேமராக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். கலைஞர்கள் விடுவதில்லை. அவர் கொட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போனார். திரை முழுவதையும் நிறைத்தபடி, நான்கு நிற மறைப்புச் சீருடையில், பைனாகுலரைக் கண்ணில் வைத்து, பின்சுவரின் ஓட்டை வழியே குழந்தை இயேசுவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார் என் அதிகாரி. வண்ணம் துளிகூடப் பிசகவில்லை.

அதுவரை தாளைவிட்டுக் கண்ணெடுக்காமல் மைக்கில் உரத்து வாசித்துக்கொண்டிருந்த அம்மா, அப்போதுதான் நிறுத்தினார். திரும்பினார். பார்த்தார். கோயில் பாதிரியாரான பங்குச்சாமி மேடையேறி மைக்கை வாங்கி, மிக மென்மையாகக் கேட்டார்: "யாரும்மா செஞ்சது?"

எதிர் வரிசையில் ரெஜினா அத்தை கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குத் தெரியாது சாமி, எதுவோ கடையில் வாங்கியது என்று அம்மா சொல்லியிருக்கலாம். நான் மூன்றாம் தூணைத் தேடினேன். மைதானத்தில் தூண் இல்லை.

"எம்மகதான் சாமி" என்றார் அம்மா. கையிலிருந்த தாளை நான்காக மடித்தார். "பிள்ளையக் கொல்ல ஏரோது ராசா தேடுவான்ல? அதான் காவலுக்கு நிக்காக."

சாமி திரையை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். "இவுகளப் பாத்திருந்தா, பிள்ளையப் பெத்தவுகளுக்குப் பதிலா ஏரோதுதான் எகிப்துக்கு ஓடியிருப்பான்" என்றார், மைக்கில்.

வளாகம் சிரித்து அடங்கச் சில நிமிடங்கள் ஆயின. கேடயம் நான்காம் முறையாக ரெஜினா அத்தைக்குப் போனது. வீடு வரும் வழியில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அமைதியாக வரும் எளிய மக்கள். நீதான எழுதிக் குடுத்த?" பிறகு இரண்டு நாள் என்னிடம் பேச்சில்லை. அடக்கத்தில் அம்மாவும் எனக்குச் சளைத்தவர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி பரிமாறிவிட்டு உட்கார்ந்தவர், இலையிலிருந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "லென்ஸ மாட்டிப் பாத்துச் சொல்லுங்க. இது சோறுதானா?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த லென்ஸைக் கண்ணில் மாட்டி, பூட்டுக்குள் பார்க்கும் கவனத்தோடு பார்த்தார். "லெப்டினன்ட்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சீரகச் சம்பாவுக்குப் பெயர் அதுதான். விருந்தாளிகளிடம் அம்மா, "இன்னும் ஒரு பட்டாளம் வைக்கட்டா?" என்றுதான் கேட்கிறார், அவர்கள் விழித்தால் முழுக் கதையையும் சொல்கிறார். சொல்லும்போது, படுத்துக் குறிபார்த்தவர்கள் நாலு பேர் என்பது இப்போது நாற்பதாகியிருக்கிறது.

குடில் போட்டிக்கு அதுவரை ஆறு விதிகள்தான் இருந்தன. மறு வருடம் ஏழாவது சேர்ந்தது: 'குடிலில் ஆயுதம் தாங்கியோர் இடம்பெறலாகாது.' ஒவ்வொரு டிசம்பரிலும் பூசை முடிவில் அறிவிப்பாக வாசிக்கிறார்கள். ஆறு விதிகளைச் சபை பீடத்தைப் பார்த்துக் கேட்கிறது. ஏழாவதை, மூன்றாம் தூணைப் பார்த்துக் கேட்கிறது.

ஷோகேஸின் நடு அடுக்குக்குப் பீங்கான் வாத்துகள் திரும்பவில்லை. அங்கே இப்போது தனியாக ஒருவர் நிற்கிறார், நான்கு நிறச் சீருடையில், பைனாகுலரோடு. வைத்தவர் அம்மா. சனிக்கிழமைதோறும் தூசி தட்டி, விரல் நுனியால் அவரை மெல்லத் திருப்பி, குனிந்து கோணம் சரிபார்க்கிறார். எதிர்வீட்டு ஷோகேஸின் கேடயம் அவர் பார்வையிலிருந்து ஒரு நூலளவும் விலகக் கூடாதாம்.