அசையக் கூடாத துண்டு

மேல்மடைப்பட்டி,
வைகாசி மாதம், ஞாயிறு பூசை முடிந்து.

இயேசு மரி சூசை துணை.

மகா கனம் பொருந்திய மைத்துனரும், கீழாற்று ஊர்களின் மீன் பாதுகாப்புச் செயலாளருமான திரு. சூசை அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் கஸ்பார் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆனந்தமேரியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். என் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை, குளவி கொட்டி வீங்கியிருக்கிறது, அந்த விவரம் கீழே வரும். அங்கு தாங்களும் தங்கை ஜெஸ்ஸியும் சுகமென்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, தாங்கள் போனை எடுப்பதில்லை. ‘ஆறு காப்போம்’ வாட்ஸ்அப் குழுவில் ‘சூசை வெளியேறினார்’ என்று விழுந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் பால் வண்டி மதியழகனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தை இப்போது பிரிக்க வேண்டாம், முதலில் கடிதத்தை முழுக்கப் படிக்க வேண்டுகிறேன்.

நாம் எதற்காகக் கை கொடுத்துக்கொண்டோம் என்பதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். கோடையில் குடகனாறு வற்றினால் உங்கள் தடுப்பணையில் முழங்கால் தண்ணீர் தேங்கும், எங்கள் ஊர் ஆலமரத்து மடுவில் மட்டும்தான் ஆழமாக நிற்கிறது, ஆற்று மீனில் முக்கால்வாசி அந்தப் பள்ளத்தில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. மழை பெய்து ஆறு ஓடினால் அதே மீன்தான் உங்கள் தடுப்பணையைத் தாண்டி அமராவதிக்கும் அங்கிருந்து காவிரிக்கும் போகிறது, முட்டையிட அதே வழியில் திரும்பி ஏறுகிறது. நாங்கள் மீன்பிடித் திருவிழா நடத்தி மடுவை வழித்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது தவளை. நீங்கள் தடுப்பணையில் ஏறுமீனுக்கு வலை கட்டினால் எங்களுக்குத் தவளையும் மிஞ்சாது. இதற்காகத்தானே மேலாற்றுக்காரர்களும் கீழாற்றுக்காரர்களும் சண்டையை விட்டுவிட்டு ஒரே பந்தியில் உட்கார்ந்து குழு அமைத்தோம்? காவலுக்கு ஆள் போடலாமா வேலி போடலாமா என்று எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது எழுந்தவர் தாங்கள். “வேலியும் வேணாம், வாச்மேனும் வேணாம். எங்க மச்சான் துண்டு அசையாம இருந்தாப் போதும். அது அசையாம அந்த ஊர்ல குஞ்சு குளுவான்கூடத் தண்ணியில எறங்காது” என்றீர்கள். கைதட்டல் அடங்குமுன் என்னைத் தலைவர் ஆக்கிவிட்டீர்கள்.

தாங்கள் சொன்னதில் பொய் இல்லை. திருவிழா அன்று கருப்பண்ணசாமிக்குத் தேங்காய் உடைப்பது கருப்பணன் வீடு, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவது எங்கள் வீடு, பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். துண்டு அசைந்தால் ஊரே மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையோடு தண்ணீருக்குள் பாயும், அசையாவிட்டால் கால் கழுவக்கூட இறங்காது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த காலம் முழுக்க என் விசிலை மதிக்காத டிரைவர்கள் உண்டு, என் துண்டை மதிக்காதவர் இந்தக் கரையில் இல்லை. அதனால்தான் தலைவர் ஆன நாளிலிருந்து நான் துண்டு என்ற வஸ்துவையே தொடவில்லை. குளித்துவிட்டு வெயிலில் நின்று காய்ந்தேன். பூசைக்குக் கைக்குட்டையோடு போனேன். துண்டில்லாத தோளைப் பார்த்து, பங்குச் சாமியார் “வீட்ல ஏதும் கெட்டது நடக்கலையே?” என்று துக்கமாக விசாரித்தார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ‘இங்கு மீன் பிடிக்கக் கூடாது’ என்ற போர்டைத் திறந்து வைக்க விழா. தலைமை விருந்தினர் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் தமிழ்நிலா மேடம். தாங்கள் கீழாற்றிலிருந்து ஆள் திரட்டி வருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை, அது வேறு விஷயம். சுற்றுப்பட்டு ஊர் முழுக்க ஊத்தாவும் கையுமாக வந்திருந்தது. மீனைக் காப்பாற்ற வந்த கூட்டத்தில் எதற்கு ஊத்தா என்று கேட்டேன். “உக்கார நாக்காலி பத்தாதுன்னு சொன்னாக, கவுத்துப்போட்டு உக்காரலாம்ல” என்றார்கள். எங்கள் தெருப் பேச்சாயி கையில் மடித்து வைத்த கொசுவலை இருந்தது. “எதுக்கு பேச்சாயி?” என்றேன். “ஆத்தோரம்ல அப்பு, கொசு கடிக்கும்” என்றாள். பகல் பதினோரு மணிக்கு என்ன கொசு என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மேடம் நன்றாகத்தான் பேசினார்கள். இந்த ஆற்றில் ஒரு காலத்தில் நீர்நாய் இருந்ததாம், மீன் போனதும் அதுவும் போய்விட்டதாம், மீனைக் காத்தால் அது திரும்பி வரும், நாரை வரும், எல்லாம் வரும் என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அடுத்து மரியாதை. மேடத்துக்குப் பொன்னாடை. தலைவருக்கு என்று கருப்பணன் ஒரு பார்சலைப் பிரித்தான். பளீரென்று வெள்ளைத் துண்டு! “ஏலே, வேற ஒண்ணும் கெடைக்கலையா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “திண்டுக்கல்ல கடை கடையா ஏறி எறங்கினேன் கஸ்பாரு, இதுதேன் ஒனக்கு எடுப்பா இருந்துச்சு” என்று தோளில் போட்டுவிட்டான். மேடையில் கழற்றினால் அவன் முகம் வாடும். கையை இரண்டு தொடைக்குக் கீழும் வைத்து உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை, அந்தப் பாவப்பட்ட நேரம் பார்த்துத்தான் ஆலமரத்திலிருந்து குளவி வந்தது. ஒன்று மூக்குக்கு நேரே, ஒன்று காதோரம். நான் எழுந்தேன். விரட்டினேன். எதை வைத்து விரட்டினேன் என்பது ஒரு கணம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு வீச்சு. கூட்டத்தில் ஒரு ‘ஹோ’ கிளம்பியது. உட்கார்ந்திருந்த நாற்காலிகள் எல்லாம் ஊத்தாவாகி எழுந்து ஓடின. பேச்சாயியின் கொசுவலை கொசுவை மறந்து தண்ணீரில் விரிந்தது. ‘மீன் பிடிக்கக் கூடாது’ போர்டில் வேட்டி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குதித்தார்கள் நம் குழு உறுப்பினர்கள். நான் கரையில் நின்று “ஏறுங்கப்பா! ஏறுங்கலே!” என்று கத்தினேன். யாருக்குக் கேட்கிறது? கேட்காதவனுக்குத் தெரியட்டும் என்று துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஆட்டினேன். அவ்வளவுதான், எதிர்க்கரையில் செத்த நேரம் யோசித்துக்கொண்டு நின்ற ஊர்க்காரர்களும் மொத்தமாக இறங்கிவிட்டார்கள். நான் நிறுத்தச் சொல்லி ஆட்ட ஆட்ட, அது ஆட்டம் கூட்டிக்கொண்டே போயிற்று. “விடாம வீசுறாரு பாரு, இந்த வருசம் மீனு ரொம்ப போல” என்று ஒருவன் மகிழ்ந்துபோய்ச் சொன்னது என் காதில் விழுந்தது.

மடுவைக் காப்பாற்றியது யார் தெரியுமா? நானில்லை. கருப்பணன் தன் ஊத்தாவுக்குள் கைவிட்டு ஒரு விராலை இழுத்தான் பாருங்கள், அவன் முன்னால் தண்ணீரிலிருந்து மீசை வைத்த ஒரு தட்டைத் தலை எழுந்தது. விராலை அவன் கையிலிருந்து பிடுங்கியது. பக்கத்துப் பாறையில் ஏறி உட்கார்ந்து, இம்புட்டுப் பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல், தலையிலிருந்து நறுக் நறுக்கென்று தின்றது. “நீர்நாய்!” என்று மேடம் மைக்கில் அலறினார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஊத்தாவையும் வலையையும் போட்டுவிட்டு ஒட்டுமொத்தக் கூட்டமும் போனைத் தேடிக் கரையேறியது. பிடித்த மீன் எல்லாம் கூடைக்கடியில் நழுவி ஓடிற்று. கருப்பணன் மட்டும் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு, “பத்து தலைமுறையாத் தேங்கா ஒடைக்கிறவன் கையில இருந்து புடுங்கிருச்சே” என்று அழாத குறையாக நின்றான். எனக்கோ கண்ணீரே வந்துவிட்டது மாப்பிள்ளை. நீர்நாய் நம் ஆற்றில்தான் இருந்திருக்கிறது. நாம்தான் அதைப் பார்க்கும் அளவுக்கு ஒரு நாளும் கரையில் சும்மா நின்றதில்லை.

இப்போது குழுவில் யாரோ போட்ட அந்தப் போட்டோவுக்கு வருகிறேன். முன்னால் நீர்நாய், பின்னால் துண்டை ஆட்டிக்கொண்டு நான். இதைப் பார்த்துத்தானே குழுவை விட்டு வெளியேறினாய்? ‘தலைவரே திருவிழா நடத்தினார், இனி நாங்களும் தடுப்பணையில் வலை கட்டுவோம்’ என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். படத்தை நன்றாகப் பார். இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது. இடுப்புக்குக் கீழே உலர்ந்த மணல். என் கால் நனையவில்லை, என் கை ஒரு மீனையும் தொடவில்லை, என் வீட்டு அடுப்பில் அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான் என்று அந்தோணியார் மேல் ஆணையாகச் சொல்கிறேன். முதல் மழைக்குக் கெண்டை சினையோடு ஏறும். அந்த நேரத்தில் நீ வலை கட்டினால், நாங்கள் மடுவைக் காத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அந்த நீர்நாயும் போன வழியே போய்விடும். என் மேல் கோபமென்றால் என்னை நாலு பேர் முன்னால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆற்றின் மேல் ஏன்டா கோபத்தைக் காட்டுகிறாய்?

இனி பொட்டலத்தைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது அந்தத் துண்டுதான். இனி அது உன் வசம் இருக்கட்டும். நான் ஆசைப்பட்டாலும் வீச முடியாது, குளவி வந்தால் கொட்டு வாங்கிக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய உத்தரவாதம் ஒரு மனுசன் தர முடியாது. தாங்கள் மனமிரங்கிக் குழுவில் திரும்பச் சேரும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் தோட்டத்துக் கொய்யா காய்த்துக் குலுங்கவும், தங்கை ஜெஸ்ஸியின் முழங்கால் வலி தீரவும் எங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

தங்கள் அன்பு மச்சான்,
கஸ்பார்
தலைவர் (தாங்கள் மன்னித்தால்)

பின்குறிப்பு: தம்பி சூசை, அக்கா எழுதுறேன். இவுக கடுதாசியை ஒட்டக் கோந்து தேடி அடுப்படிக்குப் போயிருக்காக, அதுக்குள்ள எழுதிப்புடுறேன். ஆலமரத்துல குளவிக் கூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேடம் பேசி முடிக்கவும் மடுவுல பெரிய விரால் ஒண்ணு தாவுச்சு. இவுக கை தானா எந்திரிச்சிருச்சு. முதல்ல குதிச்சதும் இவுகதேன். போட்டோவுல இடுப்புக்குக் கீழ இருக்கிறது மணலு இல்ல, தண்ணி. மணிக்கட்டு வீக்கம் கெளுத்தி முள்ளு குத்துனது, நாந்தேன் மஞ்சப் பத்துப் போட்டேன். ஒனக்கு அனுப்பிருக்கிறது வேற துண்டு. அந்தத் துண்டுல ரெண்டு விராலைச் சுருட்டிக் கொல்லைப்பக்கமா வீட்டுக்குள்ள வந்தாக. இன்னும் வாடை போகலை, ஊற வச்சிருக்கேன்.

விரால் ரெண்டும் உசுரோட என் தண்ணித் தொட்டியில கெடக்கு. நான் அருவாமனையவே எடுக்கலை, அதுனாலதேன் ரசமும் அப்பளமும். வர்ற ஞாயித்துக்கெழமை நீ வரணும். மச்சானும் மச்சினனும் ஆளுக்கொண்ணாத் தூக்கி, ஊரு பாக்க மடுவுல விடணும். விட்டுட்டு அந்த எடத்துலயே நீ குழுவுல சேரணும். வரமாட்டேன்னு முறுக்கிக்கிட்டு இருந்தேன்னா, நான் மேடையேறி இவுக கதையைச் சொல்லுவேன். சொல்லிட்டு, போர்டு விழாவுக்கு வராம அன்னைக்கு நீ தடுப்பணையில என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னும் சொல்லுவேன். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? ரெண்டு நா கழிச்சு ஒம் பொண்டாட்டி ஜெஸ்ஸி ஆசையா ஒரு பொட்டலம் குடுத்துவிட்டா. நம்ம ஆத்துக் கெண்டை எனக்குத் தெரியாதா?

அதுனால ஞாயித்துக்கெழமை வெறுங்கையோட வா. கருவாடு கொண்டுவராதே.