கோட்டில் உட்காராத மூன்று செல்கள்

கணக்கு ஒன்று சொல்ல, உயிருள்ள செல் வேறொன்று செய்தால், இரண்டில் திருந்த வேண்டியது யார்? என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் பதிலைத் தயாராக வைத்திருக்கும் ஓர் இனம் உண்டு, வாசகரே. உயிருள்ளதன் மாதிரியைக் கணினியில் கணக்காகக் கட்டுகிறவர், மாதிரிக்காரர் என்று பெயர். செல்தான் திருந்த வேண்டும் என்பார்.

நம்முடைய மாதிரிக்காரருக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடியில் அறை. இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியம் போய்வருவதற்கு நாற்பத்திரண்டு சமன்பாடுகள். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியம் பாய வேண்டும், தசை சுருங்க வேண்டும், கால்சியம் கிடங்குக்குத் திரும்ப வேண்டும், தசை தளர வேண்டும். இத்தனையையும் கணினியில் ஓடவிட்டு, திரையில் விழும் கோடு பிசகினால் ஓர் எண்ணைச் சேர்த்து, இன்னும் பிசகினால் இன்னொன்றைச் சேர்த்து, கோடு வழிக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "இதயம் இப்படித்தான் துடிக்கிறது" என்று அறிவிப்பார். செல்லை நேரில் பார்த்திருக்கிறாரா? எதற்கு?

வீட்டிலும் அப்படித்தான். "பால் பொங்குதுங்க!" என்று மனைவி கத்தினால், "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே" என்பார். அடுப்பை மனைவிதான் துடைப்பார்.

ஒருநாள் புதிய இதய மருந்து ஒன்றைப் பற்றி அவர் அறிக்கை தர வேண்டியிருந்தது. ஆபத்தில்லை என்று அவர் எழுதினால், அடுத்த வாரம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். கீழ்த்தளத்தில் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவு செய்யும் அம்மாள், மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"சார், பதிமூணு செல்லோட பதிவு கொடுத்தேன். உங்க அறிக்கையில பத்துதான் இருக்கு. மூணு எங்க?"

"அதுங்க ஒழுங்கா இல்லம்மா. தூக்கிட்டேன்."

"செத்த செல்னா தூக்குங்க. இதுங்க யாரும் கூப்பிடாமலே துடிக்குதுங்க. மருந்து பட்டதும் கிடங்கு ஒழுகுது. இதயம் தாளம் தப்பி நின்னே போகலாம். அதான் சார் பயமே!"

"என் கோட்டுல உட்காரலையே."

"உங்க கோடு கொஞ்சம் எழுந்து அதுங்ககிட்ட போகக் கூடாதா?"

பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. இதயம் பலவீனமான அவருடைய அண்ணன் பேசினார்.

"தம்பி, அந்த மருந்துக்கு முதல் ஆளா என் பேரைக் கொடுத்துட்டேன். நீ போட்ட கணக்காச்சே, எனக்கென்ன கவலை?"

மாதிரிக்காரர் திரையைப் பார்த்தார். நாற்பத்திரண்டு சமன்பாட்டில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"அண்ணா... நீ மட்டும் வேண்டாம். பேரை எடுத்துடு."

அவர் தொலைபேசியை வைத்தார். அம்மாள் நகரவில்லை.

"உங்க அண்ணன் தப்பிச்சாச்சு. மத்தவங்களுக்கு யாரு சார் தம்பி?"

மாதிரிக்காரர் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார். பிறகு மூன்று செல்களையும் திரும்பச் சேர்த்தார். அழகான கோடு கண்ணெதிரே நாசமாய்ப் போனது. 'ஆபத்து உண்டு, இப்போது கொடுக்க வேண்டாம்' என்று அறிக்கையை மாற்றினார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த மூன்றையும் கோட்டில் உட்காரவைக்க, மறுநாளே நாற்பத்துமூன்றாவது சமன்பாட்டைத் தொடங்கிவிட்டார்.

இதெல்லாம் கணினிக்காரர்களின் கோளாறு என்று சிரிக்காதீர்கள். வீட்டில் யாராவது "வலிக்குது" என்றபோது, "அங்கெல்லாம் வலிக்காதே" என்று நீங்கள் சொன்னதில்லையா?

இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டாரிடமே சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் அவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.