மைக்கில் வந்த புலி

என் நாக்குக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஒரு வருடம் முழுக்கப் போராடிப் பார்த்துவிட்டு, "நீ எழுதிக் காட்டும்மா, அது போதும்" என்று கும்பிட்டுவிட்டார். மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால் கன்னடமும் வந்தது. அதுவும் இதே லட்சணத்தில்தான் வந்தது.

இந்த நாக்கோடு, இருபத்திரண்டு வயதில், கௌதள்ளிக்கு அப்பால் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஊரின் மரக் கிடங்கு ஆபீஸுக்கு டைப்பிஸ்டாகப் போய்ச் சேர்ந்தேன். மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஊர் முதலில் மரம் அறுக்க வந்தவர்கள் போட்ட நாலைந்து கொட்டகைதானாம். கொங்குப் பக்கத்துத் தமிழர்களும் சுற்றுவட்டாரக் கன்னடக்காரர்களும் சேர்ந்து அதை ஊராக்கினார்கள். கோயில் வந்தது, சந்தை வந்தது, ஏழாவது வரை பள்ளிக்கூடம் வந்தது. எட்டாவது படிக்க வழியில்லை. ஏழாவது முடித்த பையன் ரம்பம் பிடிக்கப் போவான், பெண் விறகு பொறுக்கப் போவாள்.

உயர்நிலைப் பள்ளி கேட்டு மனுப் போட்டார்கள். 'காட்டு மிருகங்கள் நடமாடும் இடத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று பதில் வந்தது. (கன்னடத்தில் வந்த அந்தக் கடிதத்தை ஊருக்குப் படித்துக் காட்டியதே நான்தான்.) ஊர் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆணும் பெண்ணும் கல் சுமந்து, பலகை அறுத்து, ஒரே வருடத்தில் தாங்களே பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். யானை முட்டினாலும் அசையாத கதவு போட்டார்கள். அதைப் பார்க்க, அந்தப் பதிலை எழுதிய கல்வி அதிகாரியே மைசூரிலிருந்து வந்தார்.

அன்றைக்கு விழா மேடையில் மைக் என் கையில். யாரும் கொடுக்கவில்லை, நானாகத்தான் வாங்கிக்கொண்டேன். மைசூர்க்காரி, ரெண்டு பாஷை தெரிந்தவள் என்ற திமிர். பட்டுப் புடவை வேறு.

ஆடி ஓடிய பிள்ளைகள் மைதானத்தில் பசியோடு இருந்தார்கள். சமையல்காரர் சின்னராசு அண்ணன் மேடைக்கு வந்தார்.

"அம்மணி, சோறு ஆறுதுங்க. கொழம்பு எறக்கியாச்சு. மைக்குல ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க."

சாம்பாருக்கு அங்கே கன்னடத்தில் 'ஹுளி' என்பார்கள். நம் புளிதான் அது. 'ஹுலி' என்றால் புலி. என் நாக்கைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

"ஹுலி பந்திதெ! ஹுலி பந்திதெ! எல்லரூ பேக பன்னி!" என்று கத்தினேன். புலி வந்திருக்கிறது, எல்லோரும் சீக்கிரம் வாருங்கள்!

பிறகு அந்த ஊர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். யாரும் தலைதெறிக்க ஓடவில்லை. பெண்கள் கைக்கு எட்டிய பிள்ளைகளை எல்லாம், யார் பிள்ளை என்று பார்க்காமல், வாரிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனார்கள். அறுப்புக்காரர்கள் கோடாலியோடு வெளியே வட்டம் கட்டி நின்றார்கள். தப்பட்டை முழங்கியது. மரம் இழுக்கிற யானையைப் பாகன் பாதையின் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

அதிகாரி மட்டும் நாற்காலியில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். சுமை தூக்கும் பொன்னம்மா அவர் கையைப் பிடித்து, "எந்திரிங்க சாமி, உள்ள போங்க!" என்று பிள்ளைகளோடு தள்ளித் தாழ் போட்டாள்.

கிடங்கு மேஸ்திரி மாதப்பா கோடாலியோடு மேடைக்கு ஓடி வந்தார். "எல்லி அம்மா ஹுலி? எங்கே, எந்தப் பக்கம்?"

நான் சாம்பார் அண்டாவைக் காட்டினேன்.

மாதப்பா அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கோடாலியைப் பார்த்தார். (அந்த மூன்றாவது பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.) "அய்யோ ராமா" என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. உள்ளே பொன்னம்மா தலை எண்ணிக்கொண்டிருந்தாள். "எல்லாப் புள்ளைகளும் இருக்குதுங்க. ஆபீசரும் இருக்கறாருங்க."

சங்கதி தெரிந்ததும் ஊரே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. பாதுகாப்பு இல்லை என்று சொன்னவரிடம் புலி வந்தது என்று நானே மைக்கில் சொல்லிவிட்டேன். ஒரு வருட உழைப்பை ஒரே எழுத்தில் கொளுத்தியாயிற்று. அதிகாரி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். ஜீப்பில் ஏறும்போது நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கன்னடத்தில் சொன்னார்: "எங்கள் ஆபீஸில் தீப்பிடித்தால்கூட இப்படி யாரும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக மாட்டார்கள், அம்மா."

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. எட்டாவது வகுப்புத் திறக்கலாம். 'பிள்ளைகளின் பாதுகாப்பு நேரில் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி. அதை ஊருக்குப் படித்துக் காட்ட என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக் மட்டும் கொடுக்கவில்லை.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் இன்று டாக்டராக, வாத்தியாராக, லாரி முதலாளியாக இருக்கிறார்கள். ஆண்டு விழாவில் சாம்பார் வாளி வெளியே வந்ததும் பிள்ளைகள் "ஹுலி! ஹுலி!" என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ் போடுவது வழக்கமாகிவிட்டது. போன வருடம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவளும் அவர்களோடு ஓடிவிட்டாள். ஒரு நிமிடத்தில் மைதானம் காலி. வெளியே மாட்டிக்கொண்டது நானும் சாம்பார் வாளியும்தான்.